மூட்டைக்கு மேல் ஓரடி நாலு நூல்

நாட்டில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை. ஆகவே அதற்கு எப்படி அனுமதி கொடுப்பது என்று அரசாங்கத்துக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் ‘கேளிக்கைப் பூங்கா’ என்று ஒரு கட்டமே கிடையாது. ‘சர்க்கஸ், பொருட்காட்சி, இதர கூடாரங்கள்’ என்று ஒன்று இருந்தது. மேனேஜர் அதில் டிக் அடித்து அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி தரத் தடையில்லை, யானைகளை எங்கே கட்டுவதாக உத்தேசம் என்பதை மட்டும் தெரிவிக்கவும். யானைகள் இல்லை என்று மேனேஜர் எழுதினார். இல்லை என்பதற்குக் கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்லி அடுத்த கடிதம் வந்தது. மருத்துவர் வந்தார், பூங்கா எழும்பிக்கொண்டிருந்த பழைய கல்குவாரியை ஒரு சுற்று சுற்றினார், இங்குள்ள யானை எதற்கும் நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவருக்கு அந்தக் கையெழுத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபிட்டருக்கு, இரண்டு வருஷம் கழித்து, வேறொரு கையெழுத்துக்கு ஐந்து நாள் ஆனது.

ஃபிட்டருக்கு வேலையிடத்தில் அரைநூல் என்று பெயர். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதியைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள் என்பதால். சாப்பிடும்போது நாற்காலி ஆடினால் தட்டை அப்படியே வைத்துவிட்டு நாற்காலிக் கால்களை அளக்கப் போய்விடுவார். “எங்க கல்யாண ஃபோட்டோவ எடுத்துப் பாருங்க. எல்லாரும் கேமராவப் பார்த்துட்டிருப்போம். இவர் மட்டும் கேமரா ஸ்டாண்ட் சாஞ்சிருக்கேன்னு அதோட காலைப் பார்த்துட்டிருப்பார்” என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

முதலாளிக்கு பிஸ்கட் ஃபாக்டரி. அங்கே இருபத்திரண்டு வருஷமாக பிஸ்கட் நகர்கிற பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவர் ஃபிட்டர்தான். புது ஓவன் வாங்க வெளிநாடு போன முதலாளி, போன இடத்தில் ஒரு செயற்கை மலையையும் அதில் ஏறி இறங்கும் ரயிலையும் பார்த்துவிட்டு, ஓவனை மறந்து ஊர் திரும்பினார். கையோடு பதினொரு புகைப்படங்கள் கொண்டுவந்தார். நாலில் அவர் மட்டும்தான் இருந்தார். ஒன்றில் யாருடைய விரலோ. மீதி ஆறை மேஜைமேல் பரப்பி, “இதை நாம கட்டறோம்” என்றார்.

“நமக்கு பிஸ்கட் நகர்த்தத்தானேங்க தெரியும்” என்றார் ஃபிட்டர்.

“மெஷின் ஒண்ணுதான்யா. பிஸ்கட்டுக்குப் பதிலா மனுஷன் போறான், அவ்வளவுதான்.”

பிஸ்கட் கத்தாதே என்று ஃபிட்டர் நினைத்துக்கொண்டார்.

அந்த ஆறு படங்களை வைத்துக்கொண்டு மலையைக் கட்டினார்கள். மலை என்றால் இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் கம்பி வலை, வலைமேல் சிமெண்ட், சிமெண்ட்மேல் பெயிண்டர். ரயில் சங்கிலியில் உச்சிக்கு ஏறும். அங்கிருந்து சரிந்து ஒரு குகைக்குள் புகுந்து வெளிச்சத்துக்கு வரும். திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெய்த மழையில் மலை நனைந்து கனத்தது; குகை வாசலின் நெற்றி நாலு விரல் கீழே இறங்கிவிட்டது. பக்கத்து மலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், நாட்டில் இது ஒன்றுதான் கட்டின மலை. ஃபிட்டர் இரண்டு நாள் யோசித்தார். வாசலுக்கு உள்பக்கம் குறுக்கே ஓர் இரும்பு உத்தரம் கொடுத்து நெற்றியைத் தாங்கினார். பற்றவைத்தது அவர் மனைவியின் தம்பி.

மைத்துனன் வெல்டர். அவன் வைக்கும் பற்று தையல் மெஷினில் ஓட்டியதுபோல் வரிசையாக இருக்கும். வாய் மட்டும் எந்த வரிசைக்கும் அடங்காது. அன்றைக்கு ஃபிட்டர் உத்தரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே டேப்பை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

“மாமா, கீழ மூட்டை இருக்கு. மேல உத்தரம் இருக்கு. நடுவுல காத்துதான் இருக்கு. எதை அளக்கறீங்க?”

“காத்தைத்தான்டா.”

“எவ்வளவு தேறுது?”

“ஓரடி நாலு நூல்.”

“அந்த நாலு நூலை என்கிட்ட குடுத்துடுங்க. சட்டைல பட்டன் தைக்கணும்.”

மூட்டை என்று அவன் சொன்னது பயணிகளை. ரயிலில் மனிதர்களை ஏற்றும் முன் அறுபத்தைந்து கிலோ மணல் நிரப்பிய இருபத்து நாலு மூட்டைகளை உட்காரவைத்து பெல்ட் போட்டு ஓட்டினார்கள். தலை உயரம் தெரிய ஒவ்வொரு மூட்டைக்கும் மேலே ஒரு ஹெல்மெட். ஃபிட்டர் அளந்தது ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து. மைத்துனன் மூட்டைகளுக்குப் பெயிண்டில் பெயர் எழுதிவைத்தான்: மாமியார், ஹெட்மாஸ்டர், டாக்டர், மேனேஜர். மேனேஜர் மூட்டையில் மட்டும் அடிக்கடி தையல் விட்டு மணல் கொட்டியது. “உள்ள சரக்கு நிக்க மாட்டேங்குது” என்று மைத்துனன் சொல்ல, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

மூட்டைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு சுற்றுகள் போய்வந்தன. ஒன்றும் கத்தவில்லை, வாந்தி எடுக்கவில்லை, இறங்கி இன்னொரு தடவை என்று அடம்பிடிக்கவும் இல்லை. அவ்வளவு அடக்கமான பயணிகளை எந்த ரயிலும் பார்த்திருக்காது.

கட்டினவன்தான் முதலில் ஏற வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். அதன்படி ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மைத்துனன் முதல் பெட்டியில் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு நேர் பின்னால் ஃபிட்டர். அவன் பெல்ட்டை அவரே இழுத்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு நூல் இறுக்கினா சாப்பிட்டது வெளிய வந்துடும் மாமா” என்றான்.

சங்கிலி அவர்களை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து சாலை தெரிந்தது, சாலையில் பஸ் தெரிந்தது, கீழே வேலையாட்கள் கையைக் கண்ணுக்குமேல் வைத்து அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு ரயில் சரிந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சரிவின் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்திருந்த ஃபிட்டரே முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மைத்துனன் கத்தினான். அந்தக் கத்தலில் பயமே இல்லை. கத்திக்கொண்டே வலது கையை மேலே தூக்கினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உடம்பு கீழே போகும்போது கை தானாக மேலே போனது.

குகைக்குள் இருட்டு. கதவில் யாரோ ஒரு தடவை தட்டியதுபோல் ஒரு சத்தம். பிறகு வெளிச்சம்.

வெளியே வந்தபோது மைத்துனனின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அணையவில்லை. மடியில் வந்து விழுந்திருந்த தன் கையை வேறு யாருடையதோபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பெருவிரல் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் இவர்களுக்கு முன்பே வந்து நின்றார். ஃபிட்டரின் மனைவி ஓடிவந்து, “எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டாள். ஃபிட்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர், “ஓடற வண்டியில எழுந்து நின்னுட்டார்மா” என்றார். ஃபிட்டர் வாயை மூடிக்கொண்டார். உத்தரம் வைத்தது யார், உயரத்தை அளந்தது யார் என்பது அவருக்குத் தெரியும். அது தெரிந்த வாய் திறக்க மறுத்தது. மறுநாளும் மறுத்தது. மூன்றாம் நாள், கட்டிலருகே நின்று அவர் மனைவி தம்பியைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தபோதும் மறுத்தது.

“அறிவிருக்காடா உனக்கு? பெல்ட்டைக் கழட்டிட்டு நிக்கறதுக்கு அது என்ன ஊர்வலமா? சின்னப் புள்ளையா நீ? சொல்லுடா, எதுக்குடா நின்ன?”

மைத்துனன் மருந்தின் மயக்கத்தில் கண்ணைத் திறந்து, “தெரியல அக்கா” என்றான்.

திங்கட்கிழமை மேனேஜர் ஃபிட்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் காலண்டர், வரும் வெள்ளிக்கிழமையைச் சுற்றிப் பச்சை வட்டம், ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வெள்ளி பதினொரு மணிக்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். ஞாயிறு திறப்பு விழா. மேனேஜர் டைப் அடித்த தாள் ஒன்றை நகர்த்தினார்.

“நீங்கதான் பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க. உங்களை விட்டா சாட்சி கிடையாது. நிதானமாப் படிச்சுட்டுப் போடுங்க. அவசரமே இல்ல. வெள்ளிக்கிழமை காலைக்குள்ள.”

மேற்படி தொழிலாளர் பயணத்தின்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றதை நான் நேரில் கண்டேன் என்று இருந்தது.

“அவன் நிக்கலைங்க.”

“நின்னேன்னு அவரே எழுதிக் குடுத்தாச்சே.”

“எந்தக் கையால எழுதினான்?”

மேனேஜர் மேஜைமேலிருந்த குண்டூசி டப்பாவை ஒரு தடவை திருப்பி வைத்தார். “ரேகைதான். இடது கை.”

“கை தூக்கினான். அதான் நடந்துச்சு. உத்தரம் தணிஞ்சிருக்கு. நாப்பது நாள் குடுங்க, மலையோட நெத்தியைப் பிரிச்சு, உத்தரத்தை ரெண்டடி மேல ஏத்திடறேன்.”

“ஏத்தினா ஏன் ஏத்தினீங்கன்னு ஆய்வாளர் கேப்பார். உத்தரம் தப்புன்னு ஆயிடும். தப்புன்னா அதை வச்சது யாரு?”

“நான்தான்.”

“அதையேதான் நானும் சொல்றேன்.” மேனேஜரின் குரலில் உண்மையான பரிவு இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. “உங்களுக்கும் நல்லது, உங்க மச்சினனுக்கும் நல்லது. இனிமே அவரால வெல்டிங் பண்ண முடியுமா? முதலாளிகிட்ட பேசி ஆயுசுக்கும் வேலை வாங்கி வச்சிருக்கேன். வெயில்ல நிக்க வேண்டாம். கவுண்டர்ல உட்கார்ந்து டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற வேலை.”

“ஒத்தைக் கையால எப்படிங்க டிக்கெட் கிழிக்கறது?”

மேனேஜர் அதை யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.”

“வர்ற ஜனங்களும் கை தூக்குவாங்க.”

“போர்டு வச்சுடுவோம். புல்லில் நடக்காதீர், தண்ணீரில் துப்பாதீர், கையைத் தூக்காதீர்.”

ஃபிட்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கையெழுத்துப் போட்டால் மைத்துனனுக்கு வேலை, தன் தலைமேல் பழி இல்லை, உத்தரம் இருந்த இடத்தில் இருக்கும். போடாவிட்டால் உத்தரம் மேலே ஏறும்; மற்ற இரண்டும் போகும். கணக்கு அவ்வளவுதான். போட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை.

வீட்டில் மனைவிக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

“கையெழுத்துதானே கேக்கறாங்க, கிட்னியா கேக்கறாங்க? போட்டுட்டு வர வேண்டியதுதானே” என்றாள். “அவன் பண்ணின முட்டாள்தனத்துக்குத் துரத்தி விடாம வேலை வேற குடுக்கறாங்க. யார் குடுப்பா?”

“யோசிக்கணும்.”

“எதை? உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க. அதுல அளக்கறதுக்கு என்ன இருக்கு?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாற்காலி ஆடியது. எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பூங்காவின் நுழைவாயிலைத் தாண்டும்போது மேலேயிருந்து பெயிண்டர் கூப்பிட்டார். சாரத்தின்மேல் நின்று, வாயிலின் அகலத்துக்கு ஒரு பெரிய பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தார். மலை, ரயில், ரயிலில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் எட்டுக் கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

“எப்படி இருக்கு அரைநூலு? அந்த அப்பன் மூஞ்சி சரியா வந்திருக்கா?”

“கையை ஏன் தூக்கி வச்சிருக்கீங்க?”

“முதல்ல கீழதான் போட்டேன். நல்லாவே இல்ல. நாலு பேரும் ஏதோ துக்க வீட்டுக்கு பஸ்ல போற மாதிரி இருந்துச்சு. கையைத் தூக்கினேன் பாருங்க, அப்பதான் உயிர் வந்துச்சு.”

ஃபிட்டர் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். மூஞ்சியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்த பெயிண்டர், மீசையைக் கொஞ்சம் குறைக்கவா என்று கேட்டார். ஃபிட்டரின் கண் படத்திலிருந்த அப்பாவின் விரல் நுனியிலேயே இருந்தது.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனார். ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து, தலை உச்சிக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கையை முழுதாக உயர்த்தி, விரல் நுனியில் இன்னொரு கோடு. எழுந்து டேப்பை வைத்தார். ஓரடி ஏழரை அங்குலம். குகையில் காற்று இருந்தது ஓரடி நாலு நூல். ஏழு அங்குலம் உதைத்தது. அரை நூலுக்கு ஃபாக்டரியையே நிறுத்தியவர் அவர். இருபத்திரண்டு வருஷத்தில் எதை எதையோ அளந்திருக்கிறார். ஒரு மனுஷனை உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி அளந்ததில்லை. மூட்டையை அளந்தார். மூட்டைக்குக் கை கிடையாது.

வியாழன் முழுதும் பட்டறையில் மரம் அறுத்தார். கூரைக்கு அடிக்கிற மெல்லிய ரீப்பர் கட்டைகள், ஓரடி ஏழரை அங்குலம் ஹெல்மெட்டுக்கு மேல் நிற்கிற மாதிரி, நாற்பத்தெட்டு. என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. மைத்துனனுக்குக் கை போனதிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்கு மூட்டைகள் ஒரு சுற்று போகும். விபத்துக்குப் பிறகும் மேனேஜர் அதை நிறுத்தவிடவில்லை. முதலாளி மட்டும் ஒரு வாரமாக வரவில்லை. வெள்ளிக்கிழமை, ஆய்வாளர் வருகிற நாள் என்பதால், வந்தார். வந்தவர் மேடையில் ஏறியதும் நின்றுவிட்டார்.

இருபத்து நாலு மூட்டைகளும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“என்னய்யா இது?”

“பயணிங்க முதலாளி. சந்தோஷமா இருக்காங்க” என்றார் ஃபிட்டர்.

மேனேஜர் ஓடிவந்தார். “யாரைக் கேட்டுக் கட்டினீங்க? அவிழ்த்து விடுங்க எல்லாத்தையும். மணி எட்டாச்சு.”

“ஒரு சுற்று, சார். அப்புறம் நானே அவிழ்த்துடறேன்.”

முதலாளி மேனேஜரைப் பார்க்காமல், “ஓட்டு” என்றார்.

ரயில் ஏறியது. காலை வெயிலில், ஹெல்மெட் போட்ட மாமியாரும் ஹெட்மாஸ்டரும் டாக்டரும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உச்சிக்குப் போவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. வேலையாட்களில் ஒருவன் சிரித்தே விட்டான். ரயில் சரிந்து குகைக்குள் புகுந்தது. உள்ளேயிருந்து விறகு முறிப்பதுபோல் சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு என்று தொடங்கி, எண்ண முடியாத வேகத்தில் படபடவென்று வந்து, நின்றது.

வெளியே வந்த ரயிலில் ஒரு மூட்டைக்கும் முழுக் கை இல்லை. சில கட்டைகள் மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்திருந்தன. சில, கயிற்றோடு தொங்கின. மூட்டைகள் பெல்ட் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. யாரும் எழுந்து நிற்கவில்லை.

சிரித்தவன் தலை குனிந்துகொண்டான்.

முதலாளி முதல் பெட்டிக்கு அருகே போனார். ஒடிந்த ஒரு கட்டையின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். “வெளிநாட்ல அந்த ரயில்ல ஏறினப்ப நானும் தூக்கினேன்யா” என்றார். “இந்த வயசுல, அத்தனை ஜனங்களுக்கு நடுவுல, ரெண்டு கையையும். எப்படித் தூக்கினேன்னே தெரியல. அதுக்காகத்தான் இதைக் கட்டினதே.”

“சார், ஆய்வாளர் பதினொரு மணிக்கு...” என்றார் மேனேஜர்.

“வரட்டும். நாப்பது நாளா கேட்டே?” இது ஃபிட்டரிடம்.

“நாப்பத்தஞ்சு ஆகும்ங்க. வெல்டர் புதுசாத் தேடணும்.”

ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தார். டைப் அடித்த பக்கத்தைக் கீழே வைத்து, மறுபக்கத்தில், மூட்டை ஒன்றின் முதுகில் வைத்தே எழுதினார். தொழிலாளர் எழுந்து நிற்கவில்லை, கையை உயர்த்தினார். உத்தரம் வைத்தவன் நான். உயரம் பார்த்தவனும் நான். மூட்டைக்குப் பார்த்தேன், ஆளுக்குப் பார்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

முதலாளி வாங்கிப் படித்தார். “உன் பேரை நீயே எழுதியிருக்க. மேல கேப்பாங்க. நான் உன்னை வச்சுக்க முடியாது.”

“உத்தரத்தை ஏத்தற வரைக்கும் வச்சுக்குங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.” கொஞ்சம் தயங்கி, “மச்சினனுக்குச் சொன்ன வேலை?” என்றார்.

“நின்னேன்னு ரேகை வச்சதுக்குத்தான் அந்த வேலை. இப்ப அதுவே பொய்ன்னு ஆயிடுச்சு. வக்கீல் என்ன சொல்றாரோ பார்க்கணும். எனக்குத் தெரியலய்யா.”

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். மைத்துனன் தலையணையில் சாய்ந்து இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பாதி சட்டையில் இருந்தது. அக்கா துண்டால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“கவுண்டர் வேலை அனேகமா இல்ல மாப்ள” என்றார் ஃபிட்டர், நின்றபடியே. “என் வேலையும் நாப்பத்தஞ்சு நாள்தான்.”

துண்டு நின்றது. “என்ன பண்ணிட்டு வந்தீங்க?” என்றாள் மனைவி.

“இவன் நிக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“நின்னேன்னு அவன் வாயாலயே சொல்றான். உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“நின்னா கையிலயா படும்? உத்தரம் இருக்கற உயரத்துக்கு நெஞ்சுல இடிச்சிருக்கும். நீ இப்ப கஞ்சி துடைச்சுட்டிருக்க மாட்ட. உட்கார்ந்து கை தூக்கினாத்தான் விரல்ல படும். ஏழு அங்குலம் இடிக்குது. அளந்துட்டேன்.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான். அது நழுவி விழுந்தது.

“எனக்கு நின்ன மாதிரிதான் மாமா ஞாபகம் இருக்கு” என்றான் மெதுவாக. “மேனேஜர் தினம் வந்து சொன்னார். அக்காவும் கேட்டுட்டே இருந்தா. முதல்ல இல்லன்னுதான் நினைச்சேன். அப்புறம் நின்னிருப்பேனோன்னு தோணிச்சு. இப்ப கண்ணை மூடினா நிக்கற மாதிரியே வருது. பெல்ட்டைக் கழட்டினதுகூட ஞாபகம் வருது.”

“நீ கழட்டல. வண்டி நின்னப்புறம் நான்தான் கழட்டினேன். பக்கிள் பூரா ரத்தம். ரெண்டு தடவை விரல் வழுக்கிச்சு, மூணாவது தடவைதான் வந்துச்சு.”

மைத்துனன் அவரையே பார்த்தான். எட்டு நாளாக வலிக்குக்கூட அழாதவன், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். “எட்டு நாள்” என்றாள். “எட்டு நாளா நான் இவனை என்னென்ன பேசினேன். பக்கத்துலயேதானே நின்னீங்க. வாயைத் தைச்சா வச்சிருந்தீங்க?”

“தப்பு என்னுதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு” என்றார் ஃபிட்டர். அவள் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்து தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவன் அழுகையின் நடுவே கேட்டான்: “அப்ப நான் என்னதான் மாமா பண்ணினேன்?”

“கையைத் தூக்கின.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்டா.”

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. நர்ஸ் வாசல்வரை வந்து மூன்று பேரையும் பார்த்தாள். கதவை லேசாகச் சாத்திவிட்டு அடுத்த வார்டைக் காலிசெய்யப் போனாள்.